மூன்றாம் வார்டின் மூன்று மணி

எடைமேடைக்காரர் குணமாகி வீட்டுக்குப் போன அன்றிலிருந்து மனநல மருத்துவமனையின் மூன்றாம் வார்டில் பிற்பகல் மூன்று மணி இல்லாமல் போனது. இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு அடுத்து நேராக நான்கு. முதல் நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியான மாத்திரை கொஞ்சம் தூக்கலாகப் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் மூன்றரைக்கு டீக் கேனோடு வந்த சமையல்காரர் வார்டுக்குள் கால் வைத்தார். கேனைக் கீழே வைப்பதற்குள் டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. மூன்றாம் நாள் பெரிய சிஸ்டர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வராந்தாவில் நிற்கும்போது மூன்று பத்து. ஓர் எட்டு உள்ளே வைத்ததும் நான்கு. முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர், இதற்கெல்லாம் பதறுகிற ஆள் கிடையாது. எடைமேடைக்காரர் போகும்போது மூன்று மணியையும் கூடவே கொண்டுபோய்விட்டார் என்று டூட்டி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மனிதர் எப்படி ஒரு மணி நேரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து மூன்றாம் வார்டில் ஒரு மத்தியானம்கூட இருந்திருக்கமாட்டார்கள். பத்தொன்பது கட்டில்கள், ஐந்து ஜன்னல்கள், ஒரு கம்பிக் கதவு. ஒரு கேரம் போர்டு இருந்தது. காய்களில் ஏழு காணாமல் போய், அவற்றுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள் ஓடின. கடைசிப் பக்கம் கிழிந்த நான்கு வாரப் பத்திரிகைகள் இருந்தன. அவற்றின் கதைகளுக்கு ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். தரையில் இருந்த கறுப்புப் புள்ளிகளைக் கணக்கு வாத்தியார் எண்ணிக்கொண்டே வருவார், பாதியில் யாராவது குறுக்கே நடந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். நோய் வரும், போகும். சலிப்பு மட்டும் அங்கே நிரந்தர ஊழியர். அதன் பாரத்தில் கட்டில் கால்கள் தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தன. காலண்டரில் தாளைக் கிழிக்க மறந்துவிட்டால் மறுநாளும் அதே நாள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு நாள் ஓடியது, நான்கு நாளும் அதே ஊசியை அதே கையில் போட்டார்கள். சுவர்க்கடிகாரம் ரிப்பேருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அது திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை, ஏனென்றால் அது இருந்தபோது பத்தொன்பது பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடைமேடைக்காரர் வந்து சேர்ந்த பிறகுதான் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடையில், ஒரு கண்ணாடி அறைக்குள் இருபத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். லோடோடு வரும் லாரிக்கு ஒரு எடை, காலியாகத் திரும்பும் லாரிக்கு ஒரு எடை. ஒரு நாள் எதைப் பார்த்தாலும் அதன் எடை தெரிய ஆரம்பித்தது. முதலில் மனிதர்கள், பிறகு அவர்கள் பேசும் சொற்கள். ஒரு மாலையில் தன் நிழலின் எடை தெரிந்துவிட்டது. உட்கார்ந்து அழ ஆரம்பித்தவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வார்டில் சேர்த்தாள். மருந்தில் மற்ற எடைகள் எல்லாம் மெல்ல மெல்ல மங்கிப்போயின. வார்டின் சலிப்பினுடைய எடை மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அது நோயில் சேர்த்தியா என்று டாக்டராலும் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் ஒரே லோடை நாள் பூரா தூக்கிட்டு நின்னா முதுகு என்னத்துக்கு ஆகும்? முறை வெச்சுத் தூக்குவோம். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருத்தன் தூக்குறப்ப மத்தவன் கையக் கால நீட்டி சும்மா இருக்கட்டும்" என்றார் அவர். சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அன்றே ஒவ்வொரு மணியையும் கையில் வாங்கி எடை பார்த்துப் பங்கு போட்டார். விடியற்காலை ஐந்து மணி முக்கால் கிலோகூட வராது. அதைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தார். பதினொரு மணி நான்கு கிலோ. அதை யாரோடும் பேசாத டைலர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். ஒருவர் கட்டிலில் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, "ஒப்படைச்சேன்" என்று சொல்லவேண்டும். மற்றவர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லவேண்டும். மணி மாறும் விளிம்பில்தான் இது நடக்கும், நடுவில் கைமாற்ற முடியாது. டைலர்கூட அந்த இரண்டு சொற்களை மட்டும் தினமும் வாய்விட்டுச் சொன்னார். தன் முறை வந்தவர் தோள் தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் கேரம் ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், பத்திரிகைக் கதைக்குப் புது முடிவு சொல்லிச் சிரிப்பார்கள். வெளியிலிருந்து வந்த பார்வையாளர் ஒருவர், இவர்களையெல்லாம் ஏன் இன்னும் அடைத்துவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

மூன்று மணியை மட்டும் யாரும் வாங்கத் தயாராக இல்லை. மூன்றிலிருந்து நான்குவரை பார்வையாளர் நேரம். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு ஆள் வந்தால் பெரிது. மிச்சம் பதினேழு பேரும் கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வராத மகன், வராத மனைவி, கடிதத்தில் கட்டாயம் வருகிறேன் என்று எழுதிய மச்சான், எல்லாரையும் சேர்த்து அந்த ஒரு மணி ஒன்பது கிலோ இருந்தது. எடைமேடைக்காரர் அதைத் தானே வைத்துக்கொண்டார். மாதம் ஒரு தடவை நோயாளிகளை எடை பார்ப்பது வழக்கம். ஒரு முறை பிற்பகலில் பார்த்தபோது அவர் காலையில் இருந்ததைவிட ஒன்பது கிலோ கூடுதலாக இருந்தார். டாக்டர் மெஷினை மாற்றச் சொன்னார். புது மெஷினிலும் அதே ஒன்பது. பிறகு அவரைக் காலையில் மட்டும் எடை பார்த்தார்கள். மற்றவர்கள் அந்த ஒரு மணியில் வாசலைப் பார்க்காமல் டீ குடித்தார்கள், தூங்கினார்கள்; வந்தவர்களோடு தாராளமாகப் பேசினார்கள். எடைமேடைக்காரரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த நேரத்துக்குத்தான் வருவாள். பார வண்டியை நிறுத்திப் பிடித்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தது போல இருக்கும். அவரால் ஒரு வார்த்தை பேச முடிந்ததில்லை. கொண்டுவந்ததை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, நான்கு மணிக்கு எழுந்து போவாள். இப்படி ஆறு வருஷம்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய நாளில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. பாக்கி எதுவும் இல்லை என்ற சீட்டில் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, போர்வை ஒன்று, சட்டை இரண்டு என்று வரிசையாக இருக்கும். ஸ்டோர் கிளார்க் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு டிக் போடவேண்டும். காலை பதினொரு மணிக்கே முடிந்திருக்கவேண்டிய வேலை. கிளார்க் சாப்பிடப் போனவர் சாப்பாட்டுக்கு மேல் கண்ணயர்ந்துவிட்டார். வந்து டிக் போட்டு முடித்தபோது மூன்று பத்து. அதற்குள் எடைமேடைக்காரர் வழக்கம்போல மூன்று மணியை வாங்கியிருந்தார், நான்கு ஆகாமல் யாரிடமும் கொடுக்கவும் முடியாது. அந்தச் சீட்டில் மணி நேரத்துக்கென்று கட்டம் எதுவும் இல்லை. வாசலில் மனைவி ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு நின்றாள், ஆறு வருஷம் காத்திருந்தவளை இன்னும் ஐம்பது நிமிஷம் நிற்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தோள் தொங்கியபடியே ஏறி உட்கார்ந்தார்.

மூன்று மணி போனதில் முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஒன்பது கிலோ குறைந்தால் யாருக்குக் கசக்கும்? நர்ஸ்களுக்குள் மூன்றாம் வார்டு டூட்டிக்கு ஏகப் போட்டி, பிற்பகல் ஷிஃப்டில் ஒரு மணி நேரம் மிச்சம். பார்க்க வந்தவர்கள் நிலைமைதான் வேறு. மூன்று மணிக்கு வராந்தாவில் வந்து நின்றால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாருமே இருக்கமாட்டார்கள். பத்தொன்பது கட்டில்கள், கசங்காத விரிப்புகள், சுற்றாத மின்விசிறி. ஒரு மணி நேரம் அப்படியே நிற்கவேண்டும். நான்கு அடித்ததும் எல்லாரும் அவரவர் கட்டிலில் இருப்பார்கள். அதே நொடியில் வாட்ச்மேன் மணியடித்து, நேரம் முடிந்தது என்று கம்பிக் கதவுக்கு வெளியே இருக்கும் மரக்கதவைச் சாத்துவார். பார்வையாளர் நோட்டில் பதிவு விழாது. மூன்று மாதம் ஒருவர் பேரில் பதிவு விழவில்லை என்றால் அவரைப் பின்கட்டுக்கு மாற்றிவிடவேண்டும் என்பது விதி. பின்கட்டு என்பது பழைய கட்டடம். யாரும் தேடி வராதவர்களுக்கு உரியது, அங்கே போனவர்கள் வீட்டுக்குத் திரும்பியதாக யாருக்கும் நினைவில்லை. பெரிய சிஸ்டர் பார்வையாளர் நேரத்தை நான்கிலிருந்து ஐந்து என்று மாற்றக் கேட்டுக் கண்காணிப்பாளருக்கு எழுதினார். கண்காணிப்பாளர் மேலே எழுதினார். மேலே இருப்பவர்கள், காணாமல் போன பொருள் ஸ்டோர் பட்டியலில் இல்லாததால் விளக்கம் தேவை என்று கேட்டு எழுதினார்கள். மாற்ற உத்தரவு பதினான்கு மாதம் கழித்து வந்தது, அதற்குள் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

இரண்டாம் மாதமே கணக்கு வாத்தியாருக்கு மூன்று மாதக் கெடு முடிந்தது. அவர் மகன் எப்போதுமே எட்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறவன். வந்தான், வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனான். வாத்தியாரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனபோது இருநூற்றுப் பதினாறு என்று உரக்கச் சொல்லிவிட்டு, அந்த எண்ணை மறக்காமல் வைத்திருக்கும்படி டைலரிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த கெடு டைலருடையது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை, மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவள், வியாழக்கிழமை விடுமுறை. இரண்டு பஸ் மாறி வருவாள். பதினொரு வியாழக்கிழமை வந்து பதினொரு முறையும் ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றாள். மரக்கதவு சாத்துவதற்கு முன்னால் அண்ணனின் முகம் ஒரு கணம் தெரியும், அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் சாத்திவிடுவார்கள். பெரிய சிஸ்டரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாத்திரை உறையின் பின்பக்கத்தில் எடைமேடைக்காரரின் முகவரியை எழுதி அவள் கையில் திணித்தார். "நான் குடுத்தேன்னு எங்கயும் சொல்லிடாதம்மா, என் வேலைக்கே உலை வெச்சுடுவாங்க" என்றார்.

எடைமேடைக்காரர் வீட்டில் தினமும் மூன்று மணி இரண்டு தடவை வந்துகொண்டிருந்தது. முதல் மூன்று மணி ஊருக்கெல்லாம் பொதுவானது. அது முடிந்ததும் நான்கு அடிக்காமல் இன்னொரு மூன்று மணி தொடங்கும். அதில் தெருவில் பஸ் போகாது, பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டாது, யாரும் கதவைத் தட்டமுடியாது. புருஷனும் மனைவியும் மட்டும் அதற்குள் இருப்பார்கள். மனைவி மாவு மில்லில் காலை ஷிஃப்ட் வேலை பார்த்து, புருவத்தில் மாவோடு இரண்டரைக்கு வீடு வருபவள். முதல் வாரம் அந்த உபரி மூன்று மணியைக் கண்டு பயந்தாள். இரண்டாம் வாரம் அதில் துணி மடித்தாள். ஒரு நாள் அவர் தோள் தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். பிடித்ததும் அவளுக்கும் தோள் இறங்கியது. அவருக்கு ஒரு மிடறு மூச்சு வந்தது. பேச ஆரம்பித்தார். மில்லிலிருந்து பழைய தராசை இரவல் வாங்கிவந்து பார்த்தபோது ஆளுக்கு நாலரை கிலோ கூடியிருந்தது.

அதன் பிறகு அந்த ஒரு மணி அவர்களுக்கே உரியதாகிவிட்டது. ஆறு வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினார்கள். அவள் அந்த வருஷங்களில் கூரை ஒழுகியதை, தம்பி கல்யாணத்துக்குத் தனியாகப் போய் வந்ததை, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் அவரைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அவர் வார்டைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்வதைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஐந்து ஜன்னல் வழியாகவும் வெயில் எப்படி ஒவ்வொரு கட்டிலாக நகர்ந்துபோகும், பொத்தானால் கேரம் ஆடினால் கை எப்படிப் பழகும், மழைக்காலத்தில் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டு ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது என்றெல்லாம் சொல்லுவார். "அந்த மாதிரி சலிப்பு இனிமே கிடைக்காது. நல்ல கனமான சலிப்பு. இங்க இருக்கறதெல்லாம் வெறும் பொழுது போகாததுதான்" என்று பெருமூச்சு விடுவார். ஊர் ஞாபகம் போல அவருக்கு வார்டு ஞாபகம் வந்தது. பிறந்த வீட்டுப் பெருமை பேசும் மருமகளைப் பார்ப்பது போல அவள் அவரைப் பார்ப்பாள், ஆனால் கையை விடமாட்டாள்.

டைலரின் தங்கை ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னாள், வந்த விஷயத்தையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கணக்கு வாத்தியார் பின்கட்டுக்குப் போனதைக் கேட்டதும் எடைமேடைக்காரர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பட்டன் மேலும் கீழுமாகப் போட்டிருந்தது. மனைவி கதவருகில் போய் நின்றாள்.

"முடியாது" என்றாள். "ஆறு வருஷம் அவங்க வெச்சிருந்தாங்க. வாராவாரம் வந்து உக்காந்தேன், ஒரு வார்த்தை பேசல இவரு. இப்பதான் ஒரு மணி நேரம் எனக்குன்னு கிடைச்சிருக்கு. அதையும் குடுத்துட்டு நான் என்ன பண்ண?"

தங்கை அழவில்லை. கெஞ்சவும் இல்லை. "நீங்க சொல்றது சரிதான் அக்கா. நாளைக்கு ஒரு வியாழன் இருக்கு, அடுத்த வாரம் ஒண்ணு. அப்புறம் அண்ணனைக் கொண்டுபோயிடுவாங்க. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்று எழுந்தாள்.

"உங்க அண்ணன் உன்கிட்ட என்னதான் பேசுவாரு?" என்று மனைவி கேட்டாள்.

"பெருசா ஒண்ணும் பேசமாட்டாரு. என் தோள்ல தையலைப் பாப்பாரு. சரியில்லம்பாரு. அவ்வளவுதான்."

"அதுக்கா ரெண்டு பஸ் மாறி வர்றே?"

"ஆமாக்கா."

மனைவி கதவை விட்டு நகர்ந்து வந்தாள். பேசாத ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்காகப் பயணம் செய்வது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடைசியில் புருஷனின் சட்டைப் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "நாளைக்கு மில்லுல சீக்கிரம் கேட்டுக்கிட்டு வந்துர்றேன். ஆனா நீங்க தனியா போகக் கூடாது, நானும் வருவேன்" என்றாள். தங்கைக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் இரண்டு ஐம்பத்தைந்துக்கு மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். தங்கையின் பெயரை நோட்டில் எழுதும் இடத்தில் வாட்ச்மேன் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார், பதினொரு முறை எழுதி அடித்த பெயர். பிறகு எடைமேடைக்காரரைப் பார்த்து, வீட்டுக்குப் போனவர்கள் யாரையாவது பார்க்க வந்தால்தான் உள்ளே விடமுடியும் என்றார். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "மூணு மணிய உள்ள கொண்டுவந்து விட வந்திருக்கேன்" என்றார் எடைமேடைக்காரர். வாட்ச்மேனுக்கும் மூன்று மாதமாக மத்தியான டீ சரியாகக் கிடைக்கவில்லை. பார்க்க வந்தது யாரை என்ற கட்டத்தில் மூன்று மணி என்று எழுதினார். உறவுமுறை என்ற கட்டம் வந்ததும் தலையைச் சொறிந்தார். "வீட்டு ஆள்னு போடுங்க" என்றாள் மனைவி. போட்டார்.

இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு உள்ளே போனார்கள். இரண்டு மணிக்காரர் வாய் திறந்தபடி எழுந்து நின்றார். மூன்று மாதமாக ஒப்படைக்க ஆள் இல்லாமல் ஒவ்வொரு நாளும் விளிம்பில் கையை நீட்டிக்கொண்டே நின்றுவிட்டவர் அவர். எடைமேடைக்காரர் தன் பழைய பதினொன்றாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். "ஒப்படைச்சேன்." "வாங்கிக்கிட்டேன்." மூன்று அடித்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், விரிப்புகள் கசங்கியிருந்தன. ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று மெதுவாகச் சொன்னார். வாசலைப் பார்க்கும் அந்தப் பழைய மத்தியானம், ஒன்பது கிலோவும் குறையாமல், கதவு வழியாக வந்து எடைமேடைக்காரரின் தோளில் உட்கார்ந்தது. மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

டைலர் தங்கையைப் பார்த்தார். அவள் தோளைப் பார்த்தார். "யாரு தெச்சது?"

"கடையில வாங்கினதுண்ணா."

"இழுக்குது." பிறகு வேறு பக்கம் பார்த்தபடி கேட்டார். "ஏன் இவ்வளவு நாளா வரல?"

"வந்தேன். எல்லா வாரமும் வந்தேன். நீதான் இல்ல."

"நான் இங்கதான இருந்தேன்" என்றார் டைலர். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை அவர் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள், தையல் இழுப்பதைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அன்று பார்வையாளர் நோட்டில் டைலர் பேரில் பதிவு விழுந்தது.

மூன்று மணியை வேறு யாரிடமாவது நிரந்தரமாக ஒப்படைத்துவிடலாம் என்று பார்த்தார்கள். திடகாத்திரமான ஒருவர், சுமை தூக்கிப் பழகியவர், முன்வந்தார். இருபது நிமிஷத்தில் தரையில் படுத்துவிட்டார், பெரிய சிஸ்டர் குளுக்கோஸ் ஏற்றவேண்டியிருந்தது. இன்னொருவர் வாங்கி, பிறக்காத பிள்ளைகளுக்காகவும் சேர்த்து வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆகவே எடைமேடைக்காரரே தினமும் வருவது என்று முடிவானது. நான்கு அடித்ததும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்து போவார்கள்; வீட்டில் இப்போது ஒரே ஒரு மூன்று மணிதான், அதிலும் அவர்கள் இருப்பதில்லை. மனைவிக்கு அந்த நஷ்டம் கொஞ்ச நாள் மனதை அரித்தது. ஆனால் பாதிப் பாரம் அவளிடம் இருந்ததால் அவரால் வார்டில் உட்கார்ந்தே பேச முடிந்தது. ஆறு வருஷம் ஊமையாக உட்கார்ந்திருந்த அதே கட்டிலில், அதே நேரத்தில், இதுதான் நான் சொன்ன ஜன்னல், இதுதான் அந்த ஏழாவது பொத்தான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் பேசுவதைக் கேட்க மற்றவர்களும் கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். தங்களைப் பற்றித்தான் பேச்சு என்பதால் தப்பாகச் சொன்னால் திருத்தினார்கள்.

நோட்டு விஷயத்தை யோசித்தது மனைவிதான். தினமும் மூன்று மணி என்று எழுதி என்ன பிரயோஜனம் என்று ஒரு நாள் வாட்ச்மேனிடம் கேட்டாள். மறுநாளிலிருந்து கெடு யாருக்கு நெருங்குகிறதோ அவர் பேரைச் சொல்லி உள்ளே போனாள். உறவுமுறை என்ற கட்டத்தில் முதலில் தம்பி, அப்புறம் சித்தப்பா, கொழுந்தன், மாமா மகன். ஒரே வருஷத்தில் மூன்றாம் வார்டு முழுக்க அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. கண்காணிப்பாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரிய குடும்பம்தான் என்று மட்டும் சொன்னார். இரண்டாம் வருஷம் பின்கட்டுப் பேர்களையும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். பதிவு விழுந்தவரை முன்னால் கொண்டுவரவேண்டும் என்பதும் விதியில் இருந்தது, அதுவரை யாரும் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. கணக்கு வாத்தியார் அண்ணன் முறையாகத் திரும்பி வந்தார். டைலர் இருநூற்றுப் பதினாறு என்றார். வாத்தியார் இருநூற்றுப் பதினேழிலிருந்து தொடர்ந்தார், யாரும் குறுக்கே நடக்காமல் சுவர் ஓரமாகப் போனார்கள்.

அதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. டைலர் தங்கையோடு வீட்டுக்குப் போனார், அவள் துணியெல்லாம் அவர் தைத்ததுதான். பின்கட்டை இடித்துவிட்டு வாகனம் நிறுத்த இடம் செய்தார்கள். வார்டில் டிவி வந்தது, காய் குறையாத கேரம் போர்டு வந்தது. மற்ற மணிகளை யாரும் முறை வைத்துத் தூக்குவதில்லை. சலிப்பு இப்போதும் உண்டு, ஆனால் உதிரி உதிரியாக, ஆளுக்குத் தனித்தனியாக. பழைய ஆட்கள் வெளியே எங்காவது கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் நின்று பேசுவார்கள். அந்த மத்தியானங்களைப் பற்றிப் பேசுவார்கள். வேலை வெட்டி, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறவர்கள்தான், இருந்தாலும் பேச்சு முடியும்போது அவர்கள் குரல் தழைந்துபோகும். உள்ளங்கையை நீட்டுவார்கள். ஒப்படைக்க ஒன்றும் இல்லாததால் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள்.

எடைமேடைக்காரர் ஒரு காலை நேரத்தில், லேசாக இருந்தபோது, இறந்துபோனார். மூன்று மணி என்ன ஆகும் என்று வார்டில் எல்லாருக்கும் கவலை. அன்று இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மனைவி தனியாக வந்தாள். பதினொன்றாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே ஒப்படைக்க ஆள் இல்லாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தனியாகத் தாங்குவாளா என்று பயந்து புது சிஸ்டர் அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். ஒன்றரை கிலோதான் கூடியிருந்தது. பழைய ஆட்கள் பலர் பார்வையாளர்களாக வந்துபோய்க்கொண்டிருந்ததால் வாசலைப் பார்க்கிறவர்கள் அதற்குள் குறைந்திருந்தார்கள். அவர் இருந்த பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருவாள். அவர் சொன்ன கதைகளைச் சொல்லுவாள், புதியவர்கள் கேட்பார்கள். வராந்தாவில் பார்வையாளர் நேரம் மூன்று முதல் நான்கு என்று எழுதியிருந்த பலகைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது, நேரத்துக்குப் பதில் அம்மா வந்ததும் என்று எழுதச் சொன்னார்கள், அவரும் வேறு கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

போன மாதம் ஒரு நாள் மழை. அவள் வந்த பஸ் பாலத்தருகே நின்றுவிட்டது. இறங்கி முழங்கால் வலியோடு நடந்து வந்தாள். வார்டில் இரண்டு ஐம்பத்தொன்பது நகராமல் நின்றது. மின்விசிறி நின்றது, கேரம் காய் பாதி வழியில் நின்றது, ஜன்னலுக்கு வெளியே மழைத்துளிகள் விழாமல் காத்திருந்தன. அவள் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே வந்து, புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். மூன்று அடித்தது. ஏன் லேட் என்று யாரும் கேட்கவில்லை. பதினொன்றாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து, அவளுக்கும் பக்கத்தில் இன்னொருவருக்கும் இடம் விட்டார்கள்.